அந்நிய மொழி

ஞாயிறு மதியம் ஃபிரிஸ்கோ வீட்டில் ஜைனுதீனும் மனைவி தாஜ் நிஷாவும் ஒரு பழைய பிரிட்டிஷ் திகில் படம் பார்த்தார்கள். 1953இல் எடுத்தது. யாரும் கண்டுகொள்ளாத படம், ஆனால் உட்கார்ந்தால் எழ விடாது.

லண்டன் துறைமுகத்தில் கொலைகாரன் ஒளிகிறான். ஓரத்தில் மூட்டை சுமந்து நின்ற ஒருவன் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னான். சப்டைட்டிலில் ‘அந்நிய மொழி’ என்று மட்டும் வந்தது.

“என்னங்க, தமிழ் பேசுறான்! ரீவைண்ட் பண்ணுங்க.”

பண்ணினார்.

“ஜைனு, சாப்ட்டியாடா?” என்றான் அவன்.

ஜைனுதீனின் சின்ன வயதில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்த் திரும்பாத வாப்பாவின் குரல். படம் எடுத்தபோது வாப்பா பிறக்கவேயில்லை.

“சாப்ட்டேன் வாப்பா.” வாய் தானாகச் சொன்னது.

அவர் தலையாட்டினார். “உம்மா?”

உம்மா கடைசிவரை அவருக்கும் சேர்த்தே சோறு வடித்தார். திரையில் அவர் காத்து நின்றார்.

“சொல்லிருங்க,” என்றாள் தாஜ் நிஷா. “பாரத்தோட நிக்கிறாரு பாவம்.”

“போன வருஷம் மௌத்தாயிட்டாங்க வாப்பா.”

அவர் மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நடந்து போனார். கொலைகாரனைத் துரத்தி வந்த போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டி ஓடினார்கள்.