ஃபைலுக்கு ஒரு படம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் டைவர் தாவீது பூம்பூம் மாடு மாதிரி நிற்கிறான். தொட்டிக்கு அடியில் உள்ள இருட்டுக் குழாய்க்குள் போனால் திரும்பிவர வழிகாட்டும் கயிறு சுற்றிய ரீல், கத்தி, இரண்டு டார்ச் எல்லாம் அவன் நெஞ்சில் தொங்கி ஆடுகின்றன. ரீலைத் தொடைப் பையிலும் கத்தியை மணிக்கட்டிலும் அடக்கி வைத்துத்தான் பதினோரு வருஷமாக உள்ளே போய்வருகிறான். ஆனால் பாதுகாப்பு அதிகாரி விஷ்ணுவர்தனுக்கு எல்லாம் வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் ஃபைலில் வைக்கும் படத்தைப் பார்த்து டிக் அடிக்க முடியுமாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றறியாத மனுஷன், எதை எங்கே மாட்டுவதென்று இவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வெயிலில் அவர் ஷூ பளபளக்கிறது. பாசியைக் கண்டதும் ஓரடி பின்வாங்குகிறது. தாவீது பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் இறங்குகிறான். மூன்றாவது படியிலேயே ரீல் சிக்கிக்கொள்ள, கயிறு சரசரவென்று பிரிந்து அவன் காலைச் சுற்றுகிறது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "சார், வெளிச்சத்துலயே மாட்டிக்கினேன். உள்ள இருட்டுல மாட்டிக்கினா எவன் வந்து எடுப்பான்?" என்கிறான். விஷ்ணுவர்தன் குனிந்து படம் எடுக்கச் செல்போனை நீட்டுகிறார். "அப்படியே இரு தாவீது, அசையாத. இப்பதான் எல்லாமே தெரியுது."