கால்விலங்கு

“எங்கப்பாவுக்குச் சாவு ஊசி போட்டுருங்க” என்றாள் அஞ்சுகம். இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சிறை ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடக்கும் ஆயுள் கைதியான அப்பா தினமும் கெஞ்சுவது அதற்குத்தான்.

“அவர் உசுரு சர்க்காரோடதும்மா” என்றார் டாக்டர்.

“வலி மட்டும் அவரோடதாக்கும்!”

வார்டுக்குத் திரும்பி, கட்டிலோடு பூட்டியிருந்த அப்பாவின் காலைத் தொட்டாள். கணுக்கால் அவ்வளவு இளைத்திருந்தது; அவள் இழுத்ததும் வளையல் போல விலங்கு கழன்று வந்தது. இழுத்துப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கால் மெல்ல எழும்பிக் காற்றில் அலைந்தது.

“கெணத்துல மெதக்குறாப்ல இருக்கு, தாயி.”

“திரும்பப் போயி ஊசி கேக்கவாப்பா?”

“இன்னைக்கு வேணாம்” என்று கண்மூடிச் சிரித்தார்.

“ஏம்மா, அத மாட்டிட்டுப் போ!” என்று காவலர் கத்தினார்.

“நான்தான் கழட்டுனேன்னு எழுதிக்கோங்க” என்றபடி அஞ்சுகம் வெளியே நடந்தாள்.