காலிக் கிண்ணம்

முனோஜாத்துக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி புலாவ் வைத்து அனுப்பிய கிண்ணத்தை, ஃபெர்கானா ஊரில் யாராவது காலியாகத் திருப்பித் தருவார்களா? நாலு ஆப்பிளாவது போட்டுத்தானே தருவார்கள்! அவள் கிண்ணத்தில் வருடா வருடம் தேன் நிரப்பித் தரும், தேனீ வளர்க்கும் பக்கத்து வீட்டு ஹோல்மத், இந்த முறை வெறும் கிண்ணத்தை வேலியோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தன் தோட்டத்துச் சாமந்தியில் மொய்த்த பூச்சிகளில் ஒன்றை அந்தக் கிண்ணத்திலேயே பிடித்து, தட்டால் மூடி, நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, மருந்தடிச்சு, ஒரு புழு பூச்சி அண்டாம நான் வளர்க்கிற தோட்டம். உங்க தேனீங்க பொழுதுக்கும் அங்கதான் மேயுது. ஒரு கரண்டி தேன் குடுக்க மனசு வரலையா?”

ஹோல்மத் தட்டை நீக்கி, பூச்சியை வெறும் விரலால் தூக்கினார். அது கொட்டவில்லை.

“ரெண்டே றெக்கை, தேனீன்னா நாலு இருக்கும். கொடுக்கு கிடையாது. இது தேனீ வேஷம் போட்ட ஈ, தங்கச்சி.”

“கதை விடாதீங்க! அப்போ உங்க தேனீங்க எங்கே?”

அவர் தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். காய்ந்த தேனடைகள்தான் இருந்தன. ஒரு ரீங்காரம் இல்லை.

“உன் ஆப்ரிகாட் மரம் பூத்துக் கிடந்தப்போ மருந்தடிச்சியே, அன்னிக்கு அங்கதான் மேயப் போச்சு. அத்தனையும் செத்துப் போச்சு. முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பெட்டியை மூடி வச்சிருப்பேன்.”

முனோஜாத் வேலிக்கு அப்பால் நின்ற தன் ஆப்ரிகாட் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹோல்மத் விரலை விரித்தார். ஈ வேலி தாண்டி அவள் சாமந்திக்கே பறந்தது.

“அதையாவது விட்டு வை” என்று கிண்ணத்தை மறுபடியும் காலியாகவே அவள் கையில் கொடுத்தார்.