ஒல்லாந்துக்காரருக்கு ஒரு விளக்கு

“மாமி! இதென்ன வேலை மாமி?”

பிரதீஸ் போட்ட சத்தத்தில், குசினிக்குள் இருந்த மனைவி ஆர்த்திகா அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள்.

ஹோல் சுவரில் பிரதீஸ் வரைந்த எண்ணெய் வர்ணப் படம். அதற்கு நேர் கீழே, குட்டி மேசையில் ஒரு சிட்டி விளக்கு எரிந்தது. பக்கத்தில் நாலு நித்தியகல்யாணிப் பூ. தீப்பெட்டியும் கையுமாக மாமியார் சீதேவிப்பிள்ளை.

பிரதீஸ் நாவற்குடாவில் சனிக்கிழமை வகுப்பில் ஓவியம் பழகுகிறான். அந்தக் காலத்து ஒல்லாந்து நாட்டு ஓவியர் ஒருவர் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த படம் ஒன்று. அதை அப்படியே பார்த்து வரைவதுதான் முதல் பாடம். மூக்கை மட்டும் ஏழு தரம் அழித்துக் கீறினான்.

“வீட்டில கண்ணில படுற இடத்தில கொழுவுங்க, பிழை தன்பாட்டில தெரியும்” என்று ரீச்சர் சொல்லியிருந்தார். மாரிகாலத்து வாவிக்காற்றில் எண்ணெய் வர்ணம் இலேசில் காயாது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அவனுடைய முதல் படம்.

இப்போது ஓவியரின் கன்னத்தில் விளக்குக் கரி.

“அம்மா, ஆரெண்டு நினைச்சீங்க? வேதக்காரர்ர யேசுசாமியெண்டா?” ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“மூணு நாளா வைக்கிறன். இண்டைக்குத்தான் மருமகன் கண்டிருக்கார்” என்றாள் சீதேவிப்பிள்ளை.

மூன்று நாளா! பிரதீசுக்குக் கோபம் தலைக்கேறியது. துடைக்க ஒரு துணியை எடுத்தான். ஈர வர்ணம். தொட்டால் கன்னமே கையோடு வந்துவிடும்.

“இவர் சாமியுமில்ல, நம்மட சொந்தக்காரருமில்ல மாமி. எப்பவோ செத்த ஒல்லாந்துக்காரர்! ஆரோ ஒருத்தருக்கு விளக்கு வைக்கிறீங்க. பெத்த மகன்ர படத்தை அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்க. அவருக்கு ஒரு நாளாவது வச்சீங்களா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆர்த்திகாவின் சிரிப்பு நின்றுபோனது.

அவளுடைய அண்ணன் லக்ஷன் பதினெட்டு வருடத்துக்கு முன் கடைக்கென்று சைக்கிளில் போனவன். சைக்கிளும் வரவில்லை, அவனும் வரவில்லை. படத்தைக் கொழுவி விளக்கு வைக்கச் சொன்ன சொந்தக்காரர்களோடு சீதேவிப்பிள்ளைக்கு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அவள் கோபிக்கவில்லை.

“அவனுக்கு ஏன் வைக்கோணும்? அவன் வருவான்” என்றாள். “இந்த மனிசன்ர கதையை நீங்கதானே மருமகன் அண்டைக்கு இவளுக்குச் சொன்னீங்க. கடைசியில ஒண்டுமில்லாமச் செத்தவர், எந்தக் குழியில தாட்டதெண்டே ஆருக்கும் தெரியாதெண்டு.”

“ஓம், சொன்னன். அதுக்கு?”

சீதேவிப்பிள்ளை விளக்கைக் கையில் எடுத்தாள். படத்தில் புகை படாத தூரத்துக்கு, மேசையின் மறு கரையில் கொண்டுபோய் வைத்தாள்.

“நம்மட பொடியனும் எங்கயாவது கண்காணாத இடத்தில அப்பிடிக் கிடந்தா… அங்கயும் ஒரு தாய், ஆர் எவரெண்டு பாராம, ஒண்டு கொளுத்தி வைப்பா தானே?”