ஐஸ் பெட்டியில் இரண்டு நாள்

இந்தக் காலத்தில் சாவு வீட்டில்கூட ஒருத்தரும் அழுவதில்லை, ஆளாளுக்குச் செல்போனை நோண்டுகிறார்கள் என்று அமலதாஸ் காறித் துப்பினார். துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று, அவர் மனைவி சூசை மேரி இரண்டு நாளாகத் திண்டிவனம் வீட்டில் வாடகை ஐஸ் பெட்டியில் கிடந்தாள். மகன் வந்ததும் மூடியைத் திறந்தார்கள். விரல்களில் ஜெபமாலையைச் சுற்ற அமலதாஸ் அவள் கையை எடுத்தார். இப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்தவள் கைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

“மெஷின் ஓடவே இல்லடா! ஏமாத்திக்கினு கீறீங்க.”

“பூ மாலையத் தொட்டுப் பாருங்க, பெரியவரே,” என்றான் பெட்டிக்காரன். மாலை கல்லாக விறைத்திருந்தது.

பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து நாடி பார்த்தாள்.

“உசுரு இல்லீங்க.”

“அப்ப இந்தச் சூடு யாருது?”

அவள் தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கல்லறையில் பிடி மண் போட்டுவிட்டு எல்லோரும் குழாயடியில் கை கழுவினார்கள். அமலதாஸ் மட்டும், மேரியின் கையைப் பிடித்திருந்த வலது கையை இறுக மூடியபடி நின்றார்.

“கை கழுவுப்பா,” என்றான் மகன்.

“கழுவுனா ஆறிப்பூடும்.”

“என்னாப்பா சொல்ற?”

“ஒண்ணுமில்ல. டூப்ளிகேட் மெஷினுடா அது,” என்று சொல்லிவிட்டு, மூடிய கையைத் திறக்காமலே கேட்டைத் தாண்டி நடந்தார்.