பளபளப்பான பிக்கப்

"அதை எடுக்காத. அது உனக்கு இல்ல."

சௌகத் அலி போட்ட அதட்டலில், மொக்கைச்சாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

திண்டுக்கல் பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார் சௌகத் அலி. மொக்கைச்சாமி வடமதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்துக்கு மைக் செட் போடுகிறவர். முந்தின நாள் ஒரு சடங்கு வீட்டில் கூட்டம் நெருக்கி, மேஜை சாய்ந்து, பிக்கப் ரெண்டாக உடைந்துவிட்டது. ரிக்கார்டு மேல் ஊசியைத் தாங்கிப் போகிற கைதான் பிக்கப். அது இல்லாமல் பாட்டு இல்லை. விடிந்தால் ஒரு கல்யாணம். ரெண்டு ராத்திரியாகத் தூக்கமும் இல்லை.

கடையில் பழைய பிக்கப் ரெண்டு இருந்தன. ஒன்று வெள்ளை வெளேரென்று நிக்கல் பூச்சு, முகம் பார்க்கலாம். இன்னொன்று கறுப்பு. ஒரு பக்கம் நசுங்கி, டேப் சுற்றியிருந்தது.

"பாய், இருபத்தஞ்சு ரூபா கொண்டாந்திருக்கேன். அந்த வெள்ளையைப் போட்டுக் காட்டுங்க. நல்லாருந்தா எடுத்துட்டுப் போறேன்."

"காட்ட முடியாது."

கடை ஓரம் நாற்காலியில் ஒரு பெரியவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டுத்தான் காட்டுங்களேன் பாய். காசு வச்சிருக்காப்ல" என்றார் அவர்.

"இவருக்கு எதுக்குங்க? மாட்டுக் கயிறு புடிச்ச கை. ரெண்டே நாள்ல ஒடைச்சுட்டு வந்து என் கழுத்தைப் புடிப்பாரு."

மொக்கைச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பத்து வருசமா மைக் செட் போடுறேன் பாய்."

"போட்ட லட்சணம்தான் தெரியுதே, ஒடைச்சுட்டு வந்து நிக்கிற. உன் நெலமைக்கு இது போதும்."

கறுப்பு பிக்கப்பைக் காகிதத்தில் சுற்றி முன்னால் தள்ளினார்.

"பதிமூணு ரூபா குடுத்துட்டுக் கெளம்பு. எனக்கு வேலை கெடக்கு."

மொக்கைச்சாமிக்கு வேறு வழியில்லை. காசை வைத்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸில் கண்ணை மூடினாலும், 'உன் நெலமைக்கு' என்ற வார்த்தைதான் காதுக்குள் ஓடியது.

மறுநாள் கல்யாணத்தில் கறுப்பு பிக்கப் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. மனசு மட்டும் ஆறவில்லை. பார்த்த மைக் செட்காரர்களிடம் எல்லாம் சொன்னார்.

"அந்தக் கடைக்குப் போகாதீங்கப்பா. ஏழைன்னா வாசல்லயே வெரட்டுறான். நல்ல பிக்கப் ஒண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு, நசுங்கினதைத் தலையில கட்டுறான்."

மூன்று மாதம் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சோலைமுத்துவைப் பார்த்தார். அவரும் மைக் செட்காரர்தான். பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, ஒடம்புக்கு முடியலயா?"

"நீ சொன்ன அந்த வெள்ளை பிக்கப்பை நான் வாங்கிட்டேன். என் பொழப்பே போச்சு."

பையிலிருந்து ஒரு ரிக்கார்டை எடுத்துக் காட்டினார். கறுப்புத் தட்டு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

"முதல்ல கணீர்னுதான் பாடுச்சு. அந்தக் கை திரும்புற இடத்துல என்னமோ இறுக்கம். ஊசி உழுது தள்ளிருச்சு. நாப்பது ரிக்கார்டும் இப்படித்தான். எல்லாத்துலயும் இரைச்சல்தான் வருது."

"ஒனக்கு மட்டும் பாய் எப்படிக் குடுத்தாரு?"

"அவரு எங்க குடுத்தாரு? நீதான் சொன்னியே, ஏழைக்குத் தர மாட்டாருன்னு. அவரு தொழுகைக்குப் போன நேரமாப் பாத்துப் போனேன். நாற்காலியில இருந்த பெரியவரு எடுத்துக் குடுத்தாரு. 'பாய் இருந்தா தர மாட்டாரு, வாங்க வந்தவங்களத் திட்டித் தொரத்துறாருன்னு ஊரே பேசுது'ன்னு அவருகிட்டயும் சொன்னேன்."

மொக்கைச்சாமி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேராகப் பேகம்பூருக்கு நடந்தார்.

ரேடியோ கடை இருந்த இடத்தில் தோல் செருப்புகள் தொங்கின. விசாரித்ததில் பின்சந்தில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் சாக்கை விரித்து, ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் சௌகத் அலி. ஆள் பாதியாகியிருந்தார்.

"வா" என்றார், நிமிர்ந்து பார்த்துவிட்டு. "அந்தக் கறுப்பு நல்லாப் பாடுதா?"

"பாடுது பாய்." மொக்கைச்சாமி கிட்டே வந்தார். "வெள்ளை பிக்கப் ரிக்கார்டைத் திங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். இருக்கிற ரிக்கார்டு போச்சுன்னா நீ எங்க போயி வாங்குவ?"

"அதை ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே!"

"நாற்காலியில இருந்த அந்தாளு முன்னாடியா? கட்டடமே அவரோடது. பிக்கப்பும் அவரோடது. வித்துக் குடுன்னு தெனமும் வந்து உட்காந்துருவாரு. பழுதுன்னு சொன்னா நான்தான் கெடுத்துட்டேன்னு சந்தேகப்படுவாரு. அதான் வந்தவங்களை எல்லாம் திட்டி அனுப்பினேன். வேணும்னே தொரத்துறேன்னு ஊர் பேசுறது எப்படியோ அவரு காதுக்குப் போயிருச்சு. மறுநாளே கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

மொக்கைச்சாமி அந்தச் சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரெல்லாம் சொன்னது நான்தான் பாய். கண் ஜாடையாவது காட்டிருக்கக் கூடாதா?"

சௌகத் அலி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நீ ரோசப்பட்டுப் போயிருவன்னுதான் திட்டினேன். உன் ரோசம் இம்புட்டுத் தூரம் போகும்னு நெனக்கல."