தொப்பை மேல் ஒரு கண்

"இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டு எப்படிக் குனிஞ்சு செருப்பு மாட்டுறீங்க?" என்றாள் அவள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கஷ்டம்தாம்மா."

"ராத்திரி சாப்பாடு?"

"பதினொண்ணு ஆயிடும்."

"நடக்கிறதுண்டா?"

"கார் வரைக்கும்."

"உருப்பட்ட மாதிரிதான்! என்னைப் பாருங்க. கல்யாணத்துக்குத் தைச்ச ரவிக்கையை இன்னும் பிரிக்காமப் போடுறேன்."

அவள் விடாமல் பேசினாள். தான் நிறுத்தினால் அவர் வாயைத் திறந்துவிடுவாரே என்ற பயம். மூச்சு வாங்கிய ஒரு நொடியில் அவர் புகுந்துகொண்டார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா டாக்டர் நான். டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தது நீங்க. சர்க்கரை வந்திருக்கறதும் உங்களுக்குத்தான்."

"எனக்கா? குச்சி மாதிரி இருக்கேனே டாக்டர்!"

"வெள்ளைக்காரங்களுக்குப் போட்ட எடைக் கணக்கு நமக்கு ஒத்துவராதும்மா. நமக்கு அதைவிடக் குறைஞ்ச எடையிலேயே வந்துடும். ஆள் ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு வயித்துக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கும்."

அவளுக்குக் கண் கலங்கியது. கூடவே ஆத்திரமும் வந்தது. "எனக்கே இப்படின்னா, உங்களுக்கு எவ்வளவு இருக்கும்?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயத்துல நான் இன்னும் டெஸ்டே எடுக்கலம்மா."